பச்சை மூடி எண்ணெய் ஆருடையது?

அம்மம்மாவின் கட்டிலுக்குக் கீழே எப்போதும் ஒரு போத்தல் இருக்கும். பச்சை மூடி, மஞ்சள் லேபிள். எண்ணெய் ஊறி லேபிளில் பாதி எழுத்து அழிந்துபோயிருக்கும். பக்கத்து ஊர்ப் பரியாரியார் காய்ச்சுகிற நோவெண்ணெய் அது. லேபிளில் அதற்கு ஒரு பெயர் இருக்கிறதுதான், ஆனால் எங்கட வீட்டில் ஒருத்தரும் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதில்லை. "அந்தப் பச்சை மூடியை ஒருக்கா எடுத்துக்கொண்டு வா பிள்ளை" என்றுதான் அம்மம்மா சொல்லுவா. அவவுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரியாது. மூடியின் நிறத்தையும் எண்ணெயின் மணத்தையும் வைத்துத்தான் அடையாளம் பிடிப்பா.

போன வருசம் மாமா ரவுணுக்குப் போன இடத்தில் ஒரு கடையில் அதே போத்தலைக் கண்டு வாங்கிக்கொண்டு வந்தார். பரியாரியார் வீடுவரைக்கும் போகிற அலைச்சல் மிச்சம் என்று எல்லாருக்கும் சந்தோசம். மூன்று நாள் பூசினோம். நாலாம் நாள் அம்மம்மாவின் முழங்காலில் தோல் சிவந்து, சின்னச் சின்னக் கொப்புளம் போட்டது. வயது போனால் தோல் மெலியும், அதுதான் என்று முதலில் நினைத்தோம். அம்மாதான் போத்தலை மணந்து பார்த்துவிட்டு, "இது வேற மணமெல்லோ" என்றா. பிறகு லேபிளை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தால், பெயரில் ஒரு எழுத்து வேறு. செய்தவரின் விலாசம் இல்லை.

போத்தலோடு பரியாரியாரிடம் போனோம். உள்ளங்கையில் இரண்டு சொட்டு விட்டுத் தேய்த்து மணந்தார். "இது என்ர இல்லை. காய்ச்சவே இல்லை, சும்மா கலந்திருக்கினம். மெந்தோல் நல்லாக் கூடிப்போச்சு" என்றார். அவருக்கு ஆச்சரியமே இல்லை. "நீங்கள் நாலாவது ஆக்கள்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார்.

எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை. நாலு பேர் வந்து கேட்டார்கள், சரி. வராத ஆக்கள்? "பரியாரியாற்ற எண்ணெய் முந்தின மாதிரி இல்லை" என்று தங்களுக்குள் முடிவெடுத்துவிட்டு, அடுத்த முறை பார்மசியில் வேறொன்றை வாங்குகிற ஆக்கள்? அவர்கள் எத்தனை பேர் என்று அவருக்கு ஒருநாளும் தெரியப் போவதில்லை.

"கேஸ் போடலாமே ஐயா" என்றேன். "ஆருக்கு எதிரா? எண்ணெய் பொதுச் சொத்து பிள்ளை. ஏட்டில கிடக்கிறது. ஆரும் காய்ச்சலாம்" என்றார்.

இந்தப் பதில்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தது. அவர் சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. பிழையான பாதியால்தான் எங்கட ஊர் வைத்தியர்கள் தோற்றுக்கொண்டிருக்கிறார்கள் என்பது என் கருத்து. நான் சட்டம் படிக்கிற ஆள் இல்லை. கலைப்பீடத்தில் தமிழ் படிக்கிறேன். சட்டம் படிக்கிற ஒரு அக்காவின் குறிப்புகளையும் சில தீர்ப்புகளையும் வாங்கி வாசித்தேன். அவவிடம் நச்சரித்துக் கேட்ட கேள்விகளும் இதற்குள் இருக்கின்றன.

முதலில் சரியான பாதி. மருந்தின் பாகம் பொதுச் சொத்துத்தான். யாழ்ப்பாண அரசர் காலத்து வைத்திய நூல்கள் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லுகிற 'செகராசசேகர'மும் 'பரராசசேகர'மும் அரசர்களின் பட்டப்பெயரைத் தாங்கியவை. ஆனால் அவற்றில் இருக்கிற எண்ணெய்களும் சூரணங்களும் எந்த அரசனுக்கும் சொந்தமில்லை. இன்ன இலை, இன்ன அளவு என்று பாட்டாக எழுதிவைத்ததே பிறகு வருகிறவன் செய்து பார்க்கட்டும் என்பதற்காகத்தான். நாளைக்கு ஒரு கொம்பனி வந்து அந்தப் பாகத்துக்கு நான்தான் உரிமைக்காரன் என்று சொன்னால், முதலில் சண்டைக்குப் போகிற ஆள் நானாக இருப்பேன்.

ஆனால் ஏட்டில் இருப்பது பாகம் மட்டும்தான். செய்பாகம் ஏட்டில் இல்லை. எண்ணெய் எப்போது மெழுகு பதம், எப்போது மணல் பதம், அடுப்பை எந்த நேரம் தணிப்பது, எந்த நல்லெண்ணெயை நம்புவது என்பதெல்லாம் கையில் இருக்கிறது. நாற்பது வருசமாக ஒரே ஆள் ஒரே மாதிரிக் காய்ச்சினால், சனம் அதற்கு ஒரு பெயர் வைக்கும். எங்கட ஆக்கள் "கைராசி" என்பார்கள். கணக்கீட்டுப் புத்தகத்தில் இதையே "நன்மதிப்பு" என்று படிப்பிக்கிறார்கள். மனிதர் திரும்பவும் அதே வாசலுக்கு வருவதற்கான காரணம். மூலிகை வியாபாரத்தில் பாகம் எல்லாருக்கும் பொது என்பதால்தான், ஒரு வைத்தியரிடம் தனியாக இருக்கிற ஒரே சொத்து இந்த நன்மதிப்பு. அதைத் தாங்குவது பெயர், லேபிள், மூடியின் நிறம். பாகத்தைப் பார்த்துச் செய்கிறவன் ஒன்றையும் களவெடுக்கவில்லை. மூடியைப் பார்த்துச் செய்கிறவன்தான் களவெடுக்கிறான்.

இந்த வித்தியாசத்தைச் சட்டம் நெடுநாளாகவே அறிந்திருக்கிறது. ஆங்கிலச் சட்டத்தில் இதற்கு 'பாசிங் ஓஃப்' என்று பெயர். தன் சரக்கை இன்னொருவரின் சரக்கு என்று நம்பவைத்து விற்பது. இதை முதன்முதலில் தெளிவாகச் சொன்னதாகப் பாடப்புத்தகங்கள் காட்டுகிற வழக்கே ஒரு தைல வழக்கு என்பது எனக்குப் புதினமாக இருந்தது. 1842, லண்டன், பெரி எதிர் ட்ரூஃபிட். பெரி என்பவர் 'மெடிகேட்டட் மெக்சிக்கன் பாம்' என்று தலைமுடிக்குப் பூசுகிற ஒரு தைலம் விற்றார். ட்ரூஃபிட்டும் அதே பெயரில் ஒன்றை விற்கத் தொடங்கினார். ஒருவன் தன் பொருளை மற்றவனுடையது என்ற பாவனையில் விற்கக் கூடாது என்று நீதிபதி லோர்ட் லாங்டேல் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு, கேட்ட தடையுத்தரவைப் பெரிக்குக் கொடுக்கவில்லை! ஏனென்றால் பெரியின் விளம்பரத்திலேயே புழுகு இருந்தது. புளூமன்பாக் என்ற பெரிய ஜெர்மன் அறிஞரின் பாகத்தில் செய்தது என்று அவர் போட்டிருந்தார். நீ பொய் சொல்லிக்கொண்டு மற்றவன் பொய்யைத் தடுக்கச் சொல்லி இங்கே வராதே என்பதுதான் அதன் அர்த்தம். எங்கட பக்கத்தில் "சகல வாத நோய்களும் ஏழு நாளில் பறக்கும்" என்று லேபிள் அடிக்கிற ஆக்கள் இதை இரண்டு தரம் வாசிக்க வேண்டும்.

பிறகு வந்த வழக்குகளில் இது மூன்று கேள்விகளாகச் சுருங்கியது. உனக்கு நன்மதிப்பு இருக்கிறதா, மற்றவன் சனத்தை ஏமாற்றக்கூடிய மாதிரி நடந்தானா, அதனால் உனக்கு நட்டமா. 1990 இல் பிரித்தானியப் பிரபுக்கள் சபை இந்த மூன்றையும் வைத்துத் தீர்த்த வழக்கு ஒரு பிளாஸ்ரிக் எலுமிச்சம்பழத்தைப் பற்றியது. 'ஜிஃப்' என்ற எலுமிச்சைச் சாறு, பழத்தின் வடிவிலான மஞ்சள் குப்பியில் வரும். இன்னொரு கொம்பனியும் அப்படியே ஒரு குப்பியைக் கொண்டுவரப் பார்த்தது. லேபிளில் வேறு பெயர்தானே இருக்கிறது, வாசித்துப் பார்த்து வாங்கலாமே என்ற வாதம் எடுபடவில்லை. சனம் வாசித்து வாங்குவதில்லை, பார்த்து வாங்குகிறது. இதை வாசித்தபோது அம்மம்மாவின் பச்சை மூடிதான் ஞாபகத்துக்கு வந்தது.

மூலிகை மருந்துக்கு இன்னும் நெருங்கிய வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்தினுடையது, 1962. லாகூரில் தொடங்கிப் பிரிவினைக்குப் பிறகு இந்தியாவுக்கு வந்த 'அம்ரித்தாரா' என்ற மருந்து. தலையிடி, வயிற்றோட்டம் என்று எல்லாவற்றுக்கும் எடுப்பார்கள். உத்தரப் பிரதேசத்தில் 1923 முதல் 'லக்ஷ்மன்தாரா' என்று இன்னொன்று இருந்தது. அதைப் பதியப் போனபோது அம்ரித்தாராக்காரர் எதிர்த்தார்கள். உயர் நீதிமன்றம் வலு படிப்பாளித்தனமாக யோசித்தது: ஒன்று அமிர்தத்தின் தாரை, மற்றது லக்ஷ்மணனின் தாரை, அர்த்தம் வேறு, பிறகு எப்படிக் குழம்பும்? உச்ச நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. சந்தையில் நிற்கிற சாதாரண மனிதன் பெயரைப் பிரித்துச் சொற்பொருள் பார்க்கமாட்டான், அவனுக்கு முழுப் பெயரின் ஓசை அரைகுறையாகத்தான் ஞாபகம் இருக்கும், ஆகவே இரண்டும் குழம்பும் என்றது. தமிழ் படிக்கிற எனக்கு இது ஒரு நல்ல அடி. நாங்கள் வகுப்பில் சொல்லைப் பிரித்துப் பிரித்தே பழகிவிட்டோம்.

அதே தீர்ப்பின் மற்றப் பக்கமும் முக்கியம். லக்ஷ்மன்தாரா வெளிப்படையாக விற்கப்பட்டு வந்திருக்கிறது, விளம்பரமும் வந்திருக்கிறது, அம்ரித்தாராக்காரர் தெரிந்தும் நெடுங்காலம் சும்மா இருந்திருக்கிறார்கள். ஆகவே உத்தரப் பிரதேசத்துக்குள் மட்டும் விற்கலாம் என்று லக்ஷ்மன்தாராவுக்குப் பதிவு கொடுக்கப்பட்டது. சிரித்துக்கொண்டு பேசாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு. பரியாரியாருக்கு இந்தக் கதையைச் சொன்னேன். "அவையள் பெரிய ஆக்கள்" என்று அதற்கும் ஒரு சிரிப்பு.

சொந்தம் கொண்டாடக் கூடாத பெயர்களும் உண்டு. எங்கட நாட்டில் தடிமன், காய்ச்சல் என்றால் 'பஸ்பங்குவ' அவிப்பார்கள். சிங்களத்தில் ஐந்து பங்கு என்று அர்த்தம்: மல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்தரி, மரமஞ்சள். பல கொம்பனிகள் பக்கெற்றில் அடைத்து விற்கின்றன. அந்தச் சொல் எவருக்கும் தனிச் சொத்தாகிவிடக் கூடாது, கொத்தமல்லிக் குடிநீர் என்ற பெயரை ஒருவர் பிடித்துவைத்திருக்க முடியாது என்பதைப்போல. 'சித்தாலேப' வேறு விசயம். அது ஒரு குடும்பம் வளர்த்தெடுத்த பெயர். தலையிடித்தால் நாங்கள் கடையில் பாம் என்று கேட்பதில்லை, அந்தப் பெயரையே சொல்லிக் கேட்கிறோம்.

இரண்டுக்கும் நடுவில் விழுகிற பெயர்கள்தான் சிக்கல். இங்கேயும் பார்மசிகளில் கிடைக்கிற 'லிவ்.52' ஐ எடுங்கள். 1955 இல் வந்த மருந்து. இன்னொரு கொம்பனி 'லிவ்-ரி' என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது டெல்லியில் வழக்கு. 'லிவ்' என்பது ஈரலைக் குறிக்கிற ஆங்கிலச் சொல்லின் சுருக்கம், அது எல்லாருக்கும் பொது என்று 1997 இல் ஒரு அமர்வு இடைக்காலத் தடையை மறுத்தது. 2012 இல் அதே உயர் நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, 'லிவ்' தான் அந்தக் குறியின் உயிர் என்று மறுபக்கம் தீர்த்தது. நீதிபதிகளே இரண்டு பக்கம் நிற்கிற இடத்தில் எனக்கும் திடமான முடிவு இல்லை. மனம் 1997 பக்கம் கொஞ்சம் சாய்கிறது. நோயின் பெயரையும் உறுப்பின் பெயரையும் ஒருவர் வேலி போட்டு அடைத்தால், நாளைக்குச் சின்ன ஆக்கள் தங்கட மருந்துக்கு என்ன பெயர் வைப்பது?

எங்கட சட்டத்துக்கு வருவோம். 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தில் 160 ஆம் பிரிவு 'நியாயமற்ற போட்டி' பற்றியது. அக்கா அந்தப் பக்கத்தைக் காட்டியபோது நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே இருந்தது. குறி பதியப்பட்டதோ இல்லையோ, பொருளின் தோற்றமோ அதை முன்வைக்கிற விதமோ குழப்பத்தை உண்டாக்கினாலும் அது நியாயமற்ற போட்டிதான். பச்சை மூடியும் மஞ்சள் லேபிளும் இதற்குள் வரும். ஆகவே "ஆருக்கு எதிரா?" என்ற பரியாரியாரின் கேள்விக்குச் சட்டத்தில் பதில் இருக்கிறது.

பிறகு எங்கே உதைக்கிறது? இந்த வழக்கைக் கேட்கிற இடம் கொழும்பில் இருக்கிற வர்த்தக மேல் நீதிமன்றம். வடக்கில் இருந்து போனால் சுமார் 400 கிலோமீற்றர். ஒரு தவணைக்கு ஒரு இரவுப் பயணம், தங்குகிற செலவு, சட்டத்தரணியின் காசு. போத்தல் விற்றுச் சீவிக்கிற எழுபது வயது மனிதருக்கு ஒரு வருசத்து இலாபம் இரண்டு தவணையோடு முடிந்துவிடும். பெரிய கொம்பனிக்கு இது அன்றாடச் செலவு. அதனால் நன்மதிப்புச் சட்டம் நடைமுறையில் பெரிய ஆக்களின் நன்மதிப்பைத்தான் காக்கிறது. போலி அடிக்கிறவனுக்கும் இது தெரியும். பிரபலமான பாமைக் கொப்பி பண்ணினால் மாட்டுவான், ஊர்ப் பரியாரியின் எண்ணெயைக் கொப்பி பண்ணினால் ஒருத்தரும் தேடி வரமாட்டார்கள்.

என் கூட்டாளி ஒருவன் இந்தக் கட்டுரையின் முதல் வரைவை வாசித்துவிட்டுச் சண்டைக்கு வந்தான். "குறி, பதிவு, நன்மதிப்பு எல்லாம் முதலாளித்துவச் சாமான். சித்தர் மரபுக்குள்ள இதை ஏன் கொண்டுவாறாய்? அகத்தியர் பேற்றன்ற் எடுத்தவரோ?" என்றான். நல்ல கேள்வி. ஆனால் அகத்தியரைக் கூப்பிட்டது அவனுக்கே வினையாகிவிட்டது. அகத்தியர் பெயரில் இருக்கிற வைத்திய நூல்களில் பெரும்பாலானவை மிகப் பிற்காலத்து ஆக்கள் எழுதியவை என்பது எங்களுக்கு வகுப்பில் சொல்லித் தருகிற விசயம். ஏன் அவர்கள் தங்கட பெயரைப் போடாமல் அகத்தியர் பெயரைப் போட்டார்கள்? அந்தப் பெயருக்கு இருந்த நன்மதிப்புக்காகத்தானே. சனம் பெயரை நம்பி மருந்து குடிக்கும் என்பது அந்த எழுத்தாளர்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது. முதலாளித்துவம் வர முன்னமே பெயருக்கு விலை இருந்திருக்கிறது. (அகத்தியருக்கு நட்டம் வந்ததா என்றால், இல்லை. அவருக்கு அதனால் புகழ் கூடியதுதான் மிச்சம். மூன்றாவது கேள்வியில் அகத்தியர் தோற்றுப்போவார்.)

அவனுக்கு நான் சொன்ன இன்னொன்று: இது வியாபாரிகள் இரண்டு பேருக்கு இடையிலான சண்டை மாதிரித் தெரியும், ஆனால் கொப்புளம் போட்டது அம்மம்மாவின் காலில். போலிச் செருப்பு வாங்கினால் வார் அறும், அவ்வளவுதான். மருந்து வேறு. இந்திய உச்ச நீதிமன்றம் 2001 இல் கடிலா வழக்கில் இதைத்தான் சொன்னது: மருந்துகளின் பெயர் விசயத்தில் மற்றச் சாமான்களைவிடக் கடுமையாக இருக்கவேண்டும். அது ஆங்கில மருந்து பற்றிய வழக்கு. நாட்டு மருந்துக்கு இன்னும் கூடப் பொருந்தும் என்பேன், ஏனென்றால் நாட்டு மருந்து வாங்குகிற ஆக்கள் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்ப்பதே குறைவு. காய்ச்சின ஆளைத்தான் நம்புகிறார்கள்.

என்ன செய்யலாம்? நீதிமன்ற அதிகாரத்தை மாகாணங்களுக்கும் கொண்டுவாருங்கள் என்று கேட்கலாம், கேட்கவும் வேண்டும், ஆனால் அது எங்கட கையில் இல்லை. கையில் இருப்பது ஒன்று உண்டு. அதே சட்டத்தில் கூட்டுக் குறி, அத்தாட்சிக் குறி என்று இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன. ஒவ்வொரு பரியாரியும் தனித்தனியாகப் பதியப் போகாமல், ஒரு பிரதேசத்து வைத்தியர்கள் ஒரு சங்கமாகச் சேர்ந்து ஒரு குறியை எடுக்கலாம். "இது இன்ன முறையில் காய்ச்சியது, இன்னார் காய்ச்சியது" என்பதை அந்தக் குறி சொல்லும். பாகம் பொதுவாகவே இருக்கும், பெயர்கள் அவரவருடையதாக இருக்கும், கொழும்புக்குப் போகிற செலவு பங்கிடப்படும். கைதடியில் சித்த மருத்துவம் படிக்கிற ஆக்களும் சட்டம் படிக்கிற ஆக்களும் ஒரு பின்னேரம் ஒரே மேசையில் இருந்தால் இந்த வேலையின் அரைவாசி முடிந்துவிடும். எங்கட பல்கலைக்கழகங்களில் பக்கத்துப் பக்கத்துப் பீடங்கள் ஒன்றையொன்று பார்ப்பது கிரிக்கெற் மட்ச் அன்றைக்குத்தான் என்பது வேறு கதை.

இதையெல்லாம் பரியாரியாரிடம் விளக்கப் போன கிழமை திரும்பப் போனேன். அக்காவும் வந்தா. அக்கா நல்ல தெளிவாகக் கேட்டா: "ஐயா, நீங்கள் இந்த எண்ணெயை எவ்வளவு காலமா விற்கிறியள் எண்டதுக்கு எழுத்தில ஏதும் இருக்கோ? பில், பழைய லேபிள், ஏதாவது?" அவர் உள்ளே போய்ப் பழைய சீ.ஆர். கொப்பிகள் ஒரு கட்டைக் கொண்டுவந்து வைத்தார். நூல் போட்டுக் கட்டியிருந்தது. இடம்பெயர்ந்த காலத்திலும் தூக்கிக்கொண்டு போனவராம். ஒவ்வொரு பக்கத்திலும் திகதி, ஆளின் பெயர், ஊர், என்ன வருத்தம், எத்தனை போத்தல் கொடுத்தது, காசு வந்ததா இல்லையா. அக்காவின் முகம் மலர்ந்துவிட்டது. நன்மதிப்பை நிரூபிக்க இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது என்றா.

அவர் கட்டைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தார்.

"இதில சனத்தின்ர வருத்தமெல்லாம் கிடக்குது பிள்ளை. குமர்ப்பிள்ளையளின்ர, செத்துப்போன ஆக்களின்ர எல்லாம். இதைக் கோட்டில விரிச்சுக் காட்டேலாது."

பெயர்களை மறைத்துக் காட்டலாம் என்று அக்கா சொல்லிப் பார்த்தா. யோசிக்கிறேன் என்றார். நாங்கள் வெளிக்கிடுகிறபோது அம்மம்மாவுக்கு ஒரு போத்தல் தந்தார், காசு வாங்கவில்லை. மூடி இந்த முறை சிவப்பு. பச்சை இனிச் சரிவராது என்று மாற்றிவிட்டாராம். வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தேன். அம்மம்மா திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது ஆற்ற எண்ணெய்?" என்று கேட்டா.